கடைப் பல்லி

அது கத்துமா என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

கடைக்காரருக்கு விளங்கவில்லை. ரொறன்ரோவில் பல்லி வாங்க வருகிறவர்கள் நிறம் கேட்பார்கள். கடிக்குமா என்று கேட்பார்கள். அவர் மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட ஒன்றைக் காட்டினார். நல்ல சாதுவாம். சத்தமே போடாதாம்.

சத்தம் போடாத பல்லி அவளுக்கு எதற்கு?

தாடி வைத்த ஓணானையும் வேண்டாம் என்றாள்.

யாரும் திரும்பிப் பாராத கீழ்த்தட்டில், சாம்பல் நிறச் சனியன் ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரில் விளக்குமாற்றால் தட்டி விடுகிற அதே வீட்டுப் பல்லி. கனடாவில் அதற்கும் ஒரு விலை.

ஆண்தானா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஆண்தான் வாய் ஓயாமல் கத்துமாம்.

அதன் வீட்டுக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. சுவர் ஏறுகிற சாதி என்பதால் உயரமான கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஏறித் திரிய மரப்பட்டை, ஒளிந்துகொள்ள ஒரு பொந்து, குளிருக்குச் சூட்டு விளக்கு. காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். உயிரோடு சில்வண்டு வாங்கி, சத்துத் தூளில் பிரட்டிப் போட்டாள். புருஷனுக்குக்கூட அவள் இப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டதில்லை.

பெட்டியை வாசலுக்குப் பக்கத்தில், தெற்குச் சுவரோடு வைத்தாள்.

தெற்கிலிருந்து பல்லி சொன்னால் கூடாது. அதை அவளுக்குச் சொல்லித் தந்தவள் மாமி, புருஷனின் தாய்.

அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். கல்யாணமான புதிது. வவுனியாவில் அப்பாவுக்குச் சேடம் இழுக்கிறது, கடைசி மூச்சு என்று தங்கை போனில் அழுதாள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

பல்லி சொன்னது.

"வெளிக்கிடாதை பிள்ளை. தெற்கால சொல்லுது."

அழுதாள், கெஞ்சினாள். மாமி அசையவில்லை. பஸ் போய்விட்டது.

பின்னேர பஸ்ஸில் அவள் போய் இறங்கியபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அதை அவள் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

ஆனாலும் மாமிக்காக ஒரு சாட்டு வைத்திருந்தாள். அறியாத மனுஷி, உண்மையாகவே பயந்துவிட்டாள். அப்படி நினைத்துத்தான் இத்தனை காலமும் அவளுக்குச் சோறு போட முடிந்தது.

மொன்றியலில் மாமியின் தமையன் படுக்கையில் விழுந்தார் என்று கேள்விப்பட்ட அன்றுதான் அவள் பல்லி தேடிப் போனாள். ஒருநாள் மாமியும் அப்படி வாசலில் நிற்கட்டும். பல்லி சொல்லட்டும். தன் கையில் ஒரு பாவமும் ஒட்டாது.

வீட்டுக்கு வந்த அன்றே அது சொன்னது. மாமி பேச்சை நிறுத்தி, கதிரைக் கையில் விரலால் தட்டினாள்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இன்று பின்னேரம் மொன்றியலிலிருந்து போன் வந்தது. விடியும்வரை தாங்காதாம்.

புருஷன் லொறி ஓட்டிக்கொண்டு அமெரிக்காவில் எங்கோ நிற்கிறான். கார் ஓட்ட அவள்தான். மாமி குளிர்கோட்டும் தொப்பியுமாகக் கதவடியில் நின்றாள். அவள் குனிந்து சப்பாத்துக் கட்டினாள். காது முழுக்கப் பெட்டியில் இருந்தது.

சொல்லு, சனியனே.

சொன்னது. தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னது.

கதவைத் திறக்கப் போன மாமியின் கை நின்றது.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் எதற்கு, அப்படியொரு குளிர்ச்சியை அவள் வாழ்நாளில் அறிந்ததில்லை.

மாமி பெட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"கடைப் பல்லி சொன்னாப் பலன் இல்லை பிள்ளை. காரை எடு. அண்ணன்ர முகத்தைப் பாக்கோணும்."

கதவைத் திறந்துவிட்டாள். பனிக்காற்று உள்ளே வந்தது.

அவள் குனிந்தபடியே இருந்தாள்.

அப்பா செத்த அன்று மத்தியானம், மாமியின் மகளை, மச்சாளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். அத்தனை பேருக்கும் சமைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்து அவள்தான் சமைத்தாள்.

பல்லியையும் அந்தச் சமையலையும் சேர்த்துப் பார்க்க இவ்வளவு காலமும் அவளுக்குப் புத்தி ஓடவில்லை.

"கெதியா வா பிள்ளை."

கட்டிய சப்பாத்தை அவள் அவிழ்த்தாள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். எழுந்து போய், கார்ச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"எனக்குப் பலன் இருக்கு மாமி."