வர வேண்டிய ஒன்று

குற்றாலநாதன் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறான். மலைப்பக்கமிருந்து அவன் ஊரான இலத்தூர் வரைக்கும் சாரல் அடித்துக்கொண்டிருக்கிறது. முன்கூடமான பட்டாசாலையில், பெஞ்சில் அப்பா கிடக்கிறார். சுற்றி அடுக்கிய ஐஸ் பாளங்கள் கரைந்து தண்ணீர் வாசல்படி வரை ஓடியிருக்கிறது. பாடை கட்டியாயிற்று. அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர, துலக்கிவைத்த நீர்மாலைக் குடம் காலியாக இருக்கிறது. அதை மூத்த மகன்தான் சுமக்க வேண்டும். "வந்துட்டாம்யா" என்கிறார் யாரோ. அவ்வளவுதான். யாரும் ஏவவில்லை, சங்கு முழங்குகிறது, கொள்ளிச்சட்டியில் புகை எழும்புகிறது, பெண்கள் எழுந்துகொள்கிறார்கள். பெங்களூரில் அவன் கட்டும் கம்ப்யூட்டரும் இப்படித்தான். அடுத்தது இது என்று வரிசை சொல்ல அதில் ஆள் கிடையாது. ஒரு வேலைக்கு வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்ததும் அது தானாக நடக்கும். போன பொங்கலுக்கு இதே பெஞ்சில் அப்பாவுக்கு அதை விளக்கினான். "ஒண்ணு மட்டும் வரலேன்னா?" என்று கேட்டார். "காத்துக்கிட்டே கெடக்கும்பா" என்று சிரித்தான்.

"தந்தி எப்பம்லே கெடச்சுது?" என்று கேட்டபடி சித்தப்பா அவன் தோளில் துண்டைப் போடுகிறார். முந்தாநாளே கிடைத்துவிட்டது. டெல்லியிலிருந்து வந்தவர்களுக்குக் கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டி, அவர்கள் கைதட்டி முடித்த பிறகுதான் பஸ் ஏறினான். "நேத்து ராத்திரிதான் சித்தப்பா." "அதான பாத்தேன். கெடச்ச ஒடனே ஓடி வந்திருக்கான் பாருங்க எம்புள்ள" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, சித்தப்பா குடத்தை எடுத்து அவன் தலையில் வைக்கிறார். இனி அவனால் தலை குனியவும் முடியாது.