ஐந்தாவது விசில்

"பாத்தீரா பாய்? மறுபடியும் எம் மவதான் கையத் தூக்குதா!"

சுயம்புலிங்கம் இடது கையால் தொடையில் ஓங்கித் தட்டினார். வலது கட்டைவிரலில் பெரிய துணிக்கட்டு. கைதட்ட முடியவில்லை.

சாந்தோம் மைதானத்தில் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம். விசில் ஊதியதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரிகள் ஐந்து பேரில் அவர் மகள் புஷ்பம் மட்டும் வலது கையை, முழங்கை மடங்காமல், உயரத் தூக்கி நின்றாள்.

"மத்தவளுவ ஒண்ணோ ரெண்டோதான். இவளுக்கு இது மூணாவது. எண்ணிக்கிட்டே வாரேன்!" அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

பக்கத்தில் இனாயத் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினார். பாண்டி பஜாரில் தையல் கடை வைத்திருப்பவர். அவர் மகள் அஃப்சரும் இதே டீம்தான்.

"போன வருசம் வரைக்கும் கடைக்கு ஆள் வந்தா தூணுக்குப் பின்னால ஒளிவா, பாய். பேரு கேட்டா அழுவா. இப்ப பாரும்!"

"நல்லாத்தான் ஆடுது. விரல்ல இன்னா கட்டு அண்ணாச்சி?"

"கதவிடுக்குல நசுங்கிட்டு."

"தனபாலனை வேலைய விட்டு நிறுத்திட்டீங்களாமே? பதினாலு வருசமா உங்க ஜவுளிக்கடையே கதின்னு கீறவனாச்சே!"

சுயம்புலிங்கத்தின் முகம் இறுகியது.

"முகூர்த்தப் பட்டு, பாய். நேத்து மதியம் மேசை மேல வச்சிருந்தது. அது மேல ஒரு புட்டி மை கொட்டிக் கெடக்கு. யாருன்னு மூணு தரம் கேட்டேன். ஒருத்தனும் வாயத் தொறக்கல. சேலையை எடுத்து வச்சவன் அவன்தான். இன்னிக்குக் காலையில கூப்பிட்டு, நாளைக்கு வந்து சாமானை எடுத்துட்டுப் போயிருன்னுட்டேன்."

"அவன் அப்படி ஆளு இல்லியே அண்ணாச்சி..."

"ஆட்டத்தைப் பாரும்."

புஷ்பம் நாலாவது முறை கை தூக்கினாள். தொடை சிவக்கத் தட்டினார்.

இன்னும் ஒரே நிமிடம். இரண்டு பக்கமும் சமம். கூடைக்கு அடியில் நாலைந்து பேர் மோதி விழ, விசில் அலறியது. ரெஃபரி அஃப்சரைச் சுட்டிக் காட்டினார். அவள் திகைத்து நின்றாள்.

அடுத்த நொடி புஷ்பத்தின் கை உயர்ந்தது. ரெஃபரியிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, வெளியே போகும்படி சைகை செய்தார்.

மைதானமே கைதட்டியது.

"அஞ்சு!" சுயம்புலிங்கம் எழுந்தேவிட்டார். "ஆமா... ஏன் வெளிய வாரா?"

இனாயத் பாயின் கண் கலங்கியிருந்தது.

"அண்ணாச்சி, கை தூக்கறது பாயின்ட் எடுத்ததுக்கு இல்ல. இடிச்சவங்கோ, 'நான்தான்'னு தூக்கணும். அதான் ரூலு. அஞ்சு தபா ஆச்சுன்னா வெளியே போயிடணும். இப்ப ரெஃபரி என் பொண்ணைத்தான் காட்டினாரு. உங்க பொண்ணு சும்மா நின்னிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

சுயம்புலிங்கம் மெல்ல உட்கார்ந்தார்.

ஒரு புள்ளியில் தோற்றார்கள். வியர்வை சொட்ட ஓடி வந்த புஷ்பத்தின் தலை கொஞ்சமும் தாழவில்லை.

"ஏம்மா, அவர்தான் பாக்கலியே. நீ ஏன் கையத் தூக்குன?"

"இடிச்சது நான்தானேப்பா. அதை அஃப்சர் பேர்ல எதுக்கு எழுதணும்?"

"இத்தன பேர் முன்னால... கூச்சமா இல்லையா?"

"முதல் தடவை கூச்சமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு." சிரித்தாள். "விரல் இன்னும் வலிக்குதாப்பா?"

அவர் மகளை அண்ணாந்து பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை உஸ்மான் ரோடு கடையில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மாற்றுச் சட்டையும் டிபன் பாக்ஸும் திணித்த பையோடு தனபாலன் வாசல்படியில் நின்றான்.

"கடைசியா கேக்கேன். பட்டு மேல மையக் கொட்டினது யாரு?"

ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

சுயம்புலிங்கம் விரல் கட்டை அவிழ்த்தார். உள்ளே காயம் எதுவும் இல்லை. கட்டைவிரல் முழுக்க நீல மை. அந்தக் கையை, முழங்கை மடங்காமல், உயரத் தூக்கினார்.