பத்தடி இரும்புப் பெட்டி

"என்னை உள்ள விட்டுக் கதவைச் சாத்துங்க." அண்ணன் பார்த்து முடிவு செய்ததை நீ சோதிக்கக் கிளம்பாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஆனாலும் வேம்பு கிடங்குக்காரரிடம் கேட்டேவிட்டாள். வீட்டு மராமத்து முடியும்வரை சாமான்களைப் போட்டு வைக்க, வாடகைக்கு எடுக்கப்போகும் பத்தடி இரும்புப் பெட்டி அது. உள்ளே நின்று கதவை மூடினால், மழை இறங்கும் ஓட்டையை வெளிச்சமே காட்டிக்கொடுத்துவிடும். துறைமுக வேலையில் அவள் தினமும் பார்க்கிற சோதனைதான். "இவளைக் காலேஜுக்கு அனுப்பினது எங்க தப்பு," என்று அண்ணன் ராசப்பன் கிடங்குக்காரரிடம் சிரித்தான். தாழ்ப்பாள் விழுந்தது. கும்மிருட்டு. ஊசிமுனை வெளிச்சம்கூட இல்லை. நல்ல பெட்டிதான் என்று நினைத்தபோது வெளியே ராசப்பனின் போன் அடித்தது. "சொல்லுங்க புரோக்கர். அம்மா கையெழுத்துப் போட்டாச்சு, இவதான் பாக்கி. மராமத்துன்னு சொல்லி வச்சிருக்கேன். வீடு காலியாயிட்டா தானா வழிக்கு வந்துருவா." கதவு திறந்தது. "வெளிச்சம் எதுவும் தெரிஞ்சுதாம்மா?" என்றார் கிடங்குக்காரர். "இல்லைங்க. சத்தம்தான் நல்லாக் கேக்குது." போனைச் சட்டைப்பையில் போடப்போன ராசப்பன் அதைக் கீழே விட்டான். "பெட்டி வேணாங்க. சாமானெல்லாம் இருக்குற எடத்துலயே இருக்கட்டும்," என்றாள். கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, அவன் குனிந்து நிமிர்வதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தாள்.