டிரம்ஸை மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள்

தன்லியின் என்ற ஊரில் ஒரு பீர்க்கடையில் முதல் பாட்டு முடிந்ததுமே கடை முதலாளி மேடைப் பக்கம் வந்து பர்மிய மொழியில் சொன்னார்.

"ருமானா, டிரம்ஸைக் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்க. வந்தவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேச முடியல."

ருமானாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர்கள் குழுவில் டிரம்ஸே கிடையாது. டிரம்ஸ் வாசித்த அவள் அண்ணன் சர்ஃபராஸ் மழைக்காலத் தொடக்கத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். அவன் இடத்தில் வேறு ஆளைச் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை. இப்போது அவள் பாடுகிறாள், விவேக் கிட்டார் வாசிக்கிறான், அவ்வளவுதான். ஆனால் போன வாரம் லைங் தாயா ஊர்க் கடையிலும் இதே புகார். அதற்கு முன் தின்கன்ஜூன் ஊரிலும் இதேதான்.

"கிண்டல் பண்றீங்களா? இங்க டிரம்ஸ் எங்க இருக்குன்னு காட்டுங்க!"

"அதை நீங்கதான் சொல்லணும். இப்படியே அடிச்சா இனி உங்களைக் கூப்பிட மாட்டேன்."

"விடு ருமானா," என்றான் விவேக்.

அவள் விடவில்லை. அண்ணன் உயிரோடு இருந்தபோதும் கடைக்குக் கடை இப்படித்தான் அவன் கையைக் கட்டிப்போட்டார்கள். செத்த பிறகுமா? மைக்கைப் பிடித்தபடி பின்னால் திரும்பி, வெறும் சுவரைப் பார்த்து, அண்ணனை அழைத்துத் தமிழில் கத்தினாள்.

"நானா, எவனுக்கும் பயப்படாதே! நல்லா அடி!"

மேஜைகளில் இருந்த கிளாஸ்கள் எல்லாம் ஒரே தாளத்தில் அதிர்ந்தன. ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். விவேக்கும் கிட்டாரை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான்.

ருமானாவுக்கு மட்டும் ஓர் அடிகூடக் கேட்கவில்லை.