முத்தல் இலை

இராசம்மாவின் கூடைக்குள் கையை விட்ட தோட்டத்து மேற்பார்வையாளர், கண்டாக்கு லியனார்ட், வெளியே எடுத்தது ஒரு முத்தல் இலை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசுக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்கள் கூடைக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

தேயிலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் பறிக்க வேண்டும். முத்தல் பறிக்கிறவள் கை பழகாதவள், இல்லாவிட்டால் நிறைக்காக ஏமாற்றுகிறவள். இராசம்மா இரண்டும் இல்லை. அவள் கூடையில் தேடுவது வீண் வேலை என்று தெரிந்தும், வழக்கத்துக்காகத்தான் லியனார்ட் கையை விட்டார்.

காம்பைப் பிடித்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினார்.

"என்னா இராசம்மா இது? வெத்தல போடப் போறியா? பாக்கு எங்க?"

ஒருத்தியும் சிரிக்கவில்லை.

மடுவத்து ஓரத்தில் காலிப் போத்தலோடு நின்ற இசபெல்லுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது.

இராசம்மாவின் மகள். பேராதனையில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கி, அதே துறையில் ஆராய்ச்சி செய்கிறாள். அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். வாய் மட்டும் பிறந்த லயத்து வீட்டு வாய்தான்.

ஆராய்ச்சி, நகத்தளவு தவளை ஒன்றைப் பற்றியது. அதற்குத் தண்ணீர் வேண்டாம். வால் வைத்து நீந்துகிற தலைப்பிரட்டைப் பருவமும் கிடையாது. இலைக்கடியில் ஒட்டிய முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, முழுத் தவளையாக வெளியே வந்துவிடும்.

அது எப்படி என்று முதலிலிருந்து பார்க்க, அன்றன்றைக்கு இட்ட முட்டை வேண்டும். இதுவரை கிடைத்ததெல்லாம் பிந்திய முட்டை. உள்ளே தவளை கண்ணை உருட்டிக்கொண்டு இருக்கும். இந்த விடுமுறையிலும் கிடைக்காவிட்டால், மற்றவர்களைப் போலக் கோழிக்குஞ்சுக் கருவுக்கு மாறிக்கொள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

நாளைக் காலை வட்டகொடையில் ரயில் ஏற வேண்டும்.

இன்று விடிந்ததும் தேயிலைக்குள் இறங்கப் போனவளை லியனார்ட்தான் மறித்தார். தொரை உத்தரவு இல்லாமல் வெளியாள் மலைக்குள் இறங்கக் கூடாதாம்.

பிறந்து வளர்ந்த மலையில் அவள் வெளியாள்! நிறுத்தி நாலு கேள்வி கேட்டாள். மனிதர் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து, கொழுந்து பறிக்க அவரவர் நிரைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வேறு பிடித்துக்கொண்டார்கள்.

"பி.ஏ. படிச்ச புள்ள தவளைக்குப் பிரசவம் பாக்க வந்திருக்குடி!" என்றாள் அழகம்மா.

"பொறந்த குட்டிய யாரு பாப்பா? நம்ம புள்ளைங்கள மாதிரி புள்ளக்காம்பரா ஆயாகிட்ட விட்டுருவியா?" என்றாள் வேலாயி.

"பி.ஏ. இல்ல, பி.எஸ்ஸி.," என்றாள் இசபெல். "முட்டை எலைக்கு அடியில இருக்கும். வெந்த சவ்வரிசி மாதிரி. கண்ணுல பட்டாத்தான் உங்களுக்கு என்னா, நசுக்கிட்டுப் போவீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. நிற்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பகல் முழுக்க ஓடைக்கரைப் புதர்களைப் புரட்டினாள். ஒன்றும் அகப்படவில்லை. மேலே மலையில் பேச்சுச் சத்தமே இல்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே பறிக்கிறவர்கள், இன்று குனிந்த தலை நிமிரவில்லை. கோபம்போல. இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது, எல்லோர் முன்னாலும் அம்மாவை நிறுத்தி வெற்றிலையா பாக்கா என்று கேட்கிறார் இந்த ஆள்.

"எங்கம்மா முத்தல் பறிக்க மாட்டாங்க," என்று முன்னால் பாய்ந்தாள். "காலையில நான் பேசுனதுக்குப் பழி தீக்கிறீங்களா? நீங்களே போட்டுட்டு நீங்களே எடுக்கிறீங்களா?"

இராசம்மா மகளின் காலை ஓங்கி மிதித்தாள்.

"வாய மூடுடி. நாந்தாங்க ஐயா பறிச்சேன். தெரிஞ்சேதான் பறிச்சேன். நிறையில கழிச்சுக்கங்க. எலைய மட்டும் கீழ போட்டுறாதீங்க."

லியனார்ட் அப்போதுதான் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

அடியில் ஈரம் மினுங்க ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு கொத்துச் சவ்வரிசி.

இசபெல் பிடுங்கவில்லை. இரண்டு கைகளையும் ஏந்தினாள். அவரும் மெதுவாகத்தான் வைத்தார்.

இலையைப் போத்தலுக்குள் இறக்கிவிட்டு, பையிலிருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். காலும் இல்லை, கண்ணும் இல்லை. வெறும் வெளிர் உருண்டைகள். ஒவ்வொன்றின் மேலும் ஓரிரு கோடுகள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகப் பிளக்கிற கோடுகள். இனிமேல்தான் எல்லாமே.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும்.

"நிரைய விட்டுட்டு ஒங்கிட்ட ஓடி வர முடியுமா? மடியில வச்சா நசுங்கிரும். கொழுந்து மேலதான் பூப்போல வச்சேன்," என்றாள் இராசம்மா.

லியனார்ட் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அழகம்மா வந்தாள். கூடைக்குள் கையை விட்டார்.

முத்தல் இலை.

அடுத்தது வேலாயி. இரண்டு முத்தல்.

அதற்கடுத்த கூடையில் அவர் கை விடவில்லை. வரிசையைப் பார்த்தார். ஒருத்தியும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் யாருகிட்டல்லாம் இருக்கு?" என்றார்.

வரிசை நெடுகக் கூடைகள் இறங்கின. கொழுந்துக்கு மேலே ஆளுக்கொரு முத்தல் இலை, முகம் குப்புற.

போத்தல் ஒன்றுதான். இசபெல் முந்தானையை விரித்துப் பிடித்தாள். நத்தை முட்டை வந்தது. ஏதோ பூச்சியின் நுரை வந்தது. அழகம்மா தன் இலையைத் தானே கொண்டுவந்து வைத்தாள். அதில் பஞ்சு பொதிந்த வெள்ளைக் கூடு. ஓரத்தில் ஒரு சிலந்திக் குஞ்சு எட்டுக் காலோடு வெளியே வந்துகொண்டிருந்தது.

"ஏ இசபெல்லு, இது தவளதானடி?"

"தவளதாங்க்கா," என்றாள் இசபெல்.