அளந்தவர் பெயர்

ஒரு மூலக்கூறின் பிணைப்பு வலிமையை ஆறு மாதமாகக் கணினியில் கணக்கிட்டார் அந்த ஆய்வாளர். ஆறு நுட்பமான முறைகளிலும் ஒரே விடை. ஆனால் இருபது வருடங்களுக்கு முன் ஆய்வகத்தில் அளந்து ஒரு கட்டுரையில் அச்சான எண்ணோடு அது ஒத்துப்போகவில்லை.

களைத்துப்போய்த் துறைத்தலைவியின் அறையில் உட்கார்ந்தார்.

"முடியல மேடம். மட்டமான முறையில போட்டா மட்டும் அச்சு அசலா அந்த எண் வருது. அதையே ஆய்விதழுக்கு அனுப்பிடவா?"

"வேண்டாம். உங்க ஆறு கணக்கும் சரி."

"அளந்த எண்ணே எதிரா நிக்குதே, யார் நம்புவாங்க?"

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"அளந்தப்போ குடுவையில ஈரம் இருந்துச்சு. அச்சான பிறகுதான் தெரிஞ்சுது. வெளிய சொல்லத் தைரியம் வரல."

"யாருக்கு மேடம்?"

"கட்டுரையில இருக்கறது, கல்யாணத்துக்கு முந்தின என் பேரு."