மதிலுக்குள் ஒரு பைப்

தண்ணீர் ஆபீஸ் ஓவர்சியர் சுதர்ஷன் அடுக்களைச் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதென்ன சேச்சி, ஒரு பைப் மதிலுக்குள்ள பூந்து அடுத்த வீட்டுக்குப் போகுது?"

கங்காவுக்குப் பகீரென்றது. மகன் நிகில் வேலையைக் காக்கநாட்டுக்கு மாற்றிக்கொண்டு, பெண்டாட்டி குழந்தையோடு மட்டாஞ்சேரி வீட்டுக்கே வரப்போகிறான். அவர்களுக்காக மாடியில் குளியலறை கட்டி, வீட்டுப் பைப்பெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தாள். ஓவர்சியர் பார்த்துச் சரி என்றால்தான் சுவரைப் பூச முடியும்.

"அது ரொம்பப் பழசு சார். அம்மா காலத்துது."

"பழசோ புதுசோ, ஒரு வீட்டு கனெக்ஷன்லேர்ந்து இன்னொரு வீட்டுக்கு லைன் இழுக்கக்கூடாது. ரூலாக்கும். இதை வெட்டி அடைச்சாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். நாளைக்கு வரேன்."

அவர் போன பிறகும் கங்கா அந்தப் பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அவள் பாவாடை கட்டிய சிறுமி. அந்தக் கோடையில் தெருவே தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது. அம்மா நிறைமாசம். கொத்தனார் மதிலில் ஓட்டை போட்டதும், அந்தப் பக்கத்திலிருந்து மருதாணி போட்ட கை ஒன்று நீண்டு கங்காவின் மூக்கைத் திருகியது. ராவுத்தர் வீட்டுப் புது மருமகள் ஜமீலா.

"நான் யாருன்னு சொல்லு பாப்போம்!" என்று ஓட்டையில் கண்ணை வைத்துச் சிரித்தாள். பைப்பைச் செருகும் வரைக்கும் இரண்டு பேருக்கும் அதுதான் விளையாட்டு. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறுக்கு போகும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேரீச்சம்பழம் வரும்.

அதே சமயத்தில்தான் அடுக்களைக்கும் புதுக் குழாய் வந்தது. முற்றத்துக் குழாய் வற்றினாலும் அடுக்களைக் குழாய் வற்றினதே இல்லை. வீட்டின் ராசி என்று கங்கா நினைத்துக்கொள்வாள்.

"ஜமீலா ஆத்துக்குப் பைப் போட்டதை வெளியில யார்கிட்டயும் சொல்லப்படாது, கேட்டியா?" என்று அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டாத மனசு! அம்மா போன பிறகு கங்கா இதை நிகிலிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மருமகளிடம்கூட போனில் சொன்னாள்.

இப்போது அந்தத் தண்ணீரை இவள் கையால் நிறுத்த வேண்டும்.

சாயங்காலம் தயங்கித் தயங்கி அடுத்த வீட்டுக்குப் போனாள். ஜமீலாவுக்கு இப்போது முட்டிவலி. மகளைச் சுள்ளிக்கல்லில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரிசி மாவுப் பத்திரி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தா, சொல்லவே நாக்கு கூசறது. அம்மா அத்தனை ஆசையாக் குடுத்த தண்ணி. அதை வெட்டச் சொல்றா. ரூலாம். நான் என்ன பண்ணுவேன்?"

ஜமீலா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கல்லிலிருந்த பத்திரியைத் திருப்பிப் போட்டாள்.

"உங்கம்மா தங்கமான மனுஷி" என்றாள். "வெட்டிக்க மோளே. பேரக்குழந்தை வரப்போற வீடு. உன் காரியம் நிக்கக்கூடாது. வெட்டுறதுக்கு முன்னாடி மட்டும் எனக்கு ஒரு குரல் குடு."

சண்டை வரும் என்று பயந்தது நடக்கவில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது கங்காவுக்கு மனசில் லேசாக நெருடியது. இத்தனை வருஷம் குடித்த தண்ணீர். பெரிய உபகாரம் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

மறுநாள் ஓவர்சியர் காலையிலேயே வந்துவிட்டார். "இடப்பள்ளியில வேற வேலை இருக்கு சேச்சி, சட்டுனு முடிங்க" என்று அவசரப்படுத்தினார். அந்த அவசரத்தில் ஜமீலாவுக்குக் குரல் கொடுக்க மறந்தே போனது.

பிளம்பர் பாண்டித்துரை வாசலுக்குப் போய் மீட்டர் பக்கத்து வால்வைத் திருகி மூடிவிட்டு வந்தான்.

"மெயினை மூடியாச்சுக்கா. இனி ஒரு சொட்டு வராது."

ரம்பத்தை வைத்து அறுத்தான். பைப் துண்டானதுதான் தாமதம், தண்ணீர் பீய்ச்சியடித்தது. பாண்டித்துரை பின்னால் சாய்ந்தான். கங்காவின் புடவையெல்லாம் நனைந்துவிட்டது.

"யோவ், வால்வை ஒழுங்கா மூடினியா?" என்று ஓவர்சியர் வாசலுக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"மூடித்தான் இருக்கு. மீட்டர் சுத்தவே இல்லை."

குனிந்து பார்த்தார். இந்தப் பக்கத்துத் துண்டு சும்மா இருந்தது. மதில் பக்கத்துத் துண்டிலிருந்துதான் தண்ணீர் கொட்டியது.

"சேச்சி, நானும் தப்பாத்தான் நினைச்சேன். இங்கேர்ந்து அங்கே போகலை. அங்கேர்ந்துதான் இங்கே வந்திருக்கு. அவங்களுக்குப் பின்தெரு லைன். அது கோடையிலயும் வத்தாது."

கங்கா அடுக்களைக் குழாயைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று வந்தது. அதுவும் நின்றுபோனது.

அதற்குள் மதில் பக்கத்துத் தண்ணீரும் சட்டென்று அடங்கியது. அந்தப் பக்கம் யாரோ மூடுகிறார்கள்.

கங்கா ஈரப் புடவையோடு ஓடினாள். கொல்லைப்புறத்தில், வால்வைப் பிடித்துக்கொண்டே ஜமீலா மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

"ஒரு குரல் குடுன்னு சொன்னேனே மோளே. முன்னாடியே மூடி வச்சிருப்பேனே."

"இத்தா... நாங்க குடிச்சதெல்லாம் உங்காத்துத் தண்ணியா? நேத்திக்கு நான் வந்து அப்படிப் பேசினேனே, அப்போவாவது சொல்லக்கூடாதா?"

ஜமீலா தலையில் போட்டிருந்த தட்டத் துணியை எடுத்துக் கங்காவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"எப்படிச் சொல்றது? குடுத்தவ எங்கம்மான்னு அவ்வளவு பெருமையா வந்து நின்னே. பைப்பை வெட்டினா வெட்டிட்டுப் போறாங்க. அந்தப் பெருமையைப் போய் நான் வெட்டவா?"